மூணாவது குப்பி

செருப்பக் கழட்ட வேணாண்ணே, அப்படியே வாங்க, தரையெல்லாம் தண்ணி. பாத்து, தொட்டித் தண்ணி எறக்குற பைப்பு கால்ல மாட்டிக்கும். எந்திரிச்சு வந்து டீ ஊத்தித் தரணும் நான், ஆனா கைய எடுத்தா பைப்புல காத்து ஏறிரும். அப்புறம் மறுபடி வாய் வச்சு உறிஞ்சணும். நேத்து அப்படித்தான் ஒரு வாய் மீன் தண்ணி உள்ள போயிருச்சு. சிரிக்காதீங்க, நெசமாத்தான்.

டிராகன் மீனா? ஆமா, போன்ல சொன்னேன். அடியில போய்ப் படுத்துக்கிச்சு, மூச்சு வாங்குது, உடனே வாங்கன்னு. இப்ப... இப்ப மேல வந்துருச்சு. ஆமாண்ணே, நல்லாத்தான் நீந்துது, எனக்கும் தெரியுது. கோவிச்சுக்காதீங்க. ஒரு நிமிஷம் இருங்க, இந்தப் பக்கெட் நிறையட்டும், சொல்றேன். சத்தம் மட்டும் கொறச்சுக்குங்க. மாடியில குழந்த இருக்கு, அத்தையும் அங்கதான் இருக்காங்க. டீவியில காலைப் பொம்மலாட்டம் போட்டிருக்காங்க, கேக்குதா? கத்திச் சண்டை. அது பத்து மணிக்கு முடியும். அதுவரைக்கும் நாம பேசுறது மேல கேக்காது.

இப்ப மணி என்னண்ணே? ஒன்பது நாப்பதா. சரி. சரி, நேரமிருக்கு.

கை வெறச்சுப் போச்சு. தண்ணி குளிருண்ணே.

அந்த ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காருங்க. அதோ, சாமி மேடை ஓரத்துல, ஆரஞ்சுப் பழத் தட்டுக்குப் பக்கத்துல, மூணு சின்னக் கண்ணாடிக் குப்பி வச்சிருக்கேன் பாருங்க. உங்க மீன் கடையில வாங்கின, தண்ணி சோதிக்கிற பெட்டிதான். தண்ணி ஊத்தி வச்சாச்சு, மருந்து இன்னும் விடல. நீங்க விடுங்களேன். என் கையில சொட்டு எண்ணிக்கை தப்பிரும். மொதப் புட்டியில பத்துச் சொட்டு, ரெண்டாவதுல பத்து. ரெண்டாவத நல்லாக் குலுக்கணும், குலுக்காம விட்டா மஞ்சளாவே நின்னு பொய் சொல்லும்னு கடையில அண்ணி சொன்னாங்க. ஆங், உங்களுக்கே நான் சொல்லிக் குடுக்குறேன் பாருங்க. இடது பக்கம் இருக்கிறது தொட்டித் தண்ணி. மத்த ரெண்டும் எதுன்னு அப்புறம் சொல்றேன். அஞ்சு நிமிஷம் ஆகணும்ல, அதுக்குள்ள சொல்லிருவேன்.

உங்க கடைக்கு எத்தன தடவ வந்திருப்பேன், அஞ்சா ஆறா? காச வச்சுட்டு, தலையக் குனிஞ்சுக்கிட்டு ஓடிருவேன். அண்ணி கூடக் கேப்பாங்களே, வியட்நாம்லருந்து கல்யாணம் பண்ணி வரும்போது நாக்க அங்கயே விட்டுட்டு வந்தியாடின்னு. இன்னைக்கு நான் இவ்வளவு பேசுறேன்னு அவங்ககிட்ட சொன்னா நம்ப மாட்டாங்க.

குழந்தைக்கு மூணு மாசம் முடிஞ்சு பதினோரு நாள். ஆன்ஆன்னு கூப்பிடுறோம். அவனுக்கு ஒடம்பு சரியில்லண்ணே. ஒரு வாரமாவே ஒரு மாதிரி இருக்கான். அழுதாக்கூட முழுசா அழ மாட்டேங்கிறான், பாதியில களைச்சுப் போயிடுறான். ஒதடு... மல்பெரிப் பழம் தின்னா ஒதட்டுல ஒட்டுமே, அந்தக் கருநீல நிறம். நகமும் அப்படித்தான். மொதல்ல குளிருக்குன்னு நெனச்சோம். ரெண்டு கம்பளி போட்டோம். கம்பளிக்குள்ள ஒடம்பு சூடாத்தான் இருக்கு, ஒதடு மட்டும் மாறல.

இல்லண்ணே, டாக்டர்கிட்ட போகாம இல்ல. சொல்றேன். மீன் கதையும் இதுவும் ஒண்ணாத்தான் இருக்கு, அதனாலதான் உங்ககிட்ட சொல்றேன். பைப்ப அந்த மூலைக்கு நகத்திக்கிறேன், அங்கதான் அழுக்கு சேருது.

மூணு செவப்பு மீன் செத்துச்சு இல்ல? உங்ககிட்ட வாங்கினது, உருண்டையா, கிளி மூக்கு மாதிரி மூக்கு வச்சது. மொதல்ல ஒண்ணு. அத்தை ஊதுபத்தி ஏத்தி, பழம் வச்சு, கை கூப்பினாங்க. வீட்டுக்கு வர இருந்த ஆபத்த மீன் வாங்கிக்கிச்சாம். வாசல் வழியா வந்த கெட்டது நேரா தொட்டிக்குள்ள போயிருச்சாம். நான் அழுதேன், போடி, சந்தோஷப்படுன்னாங்க. அடுத்த வாரம் ரெண்டாவது. அதுக்கும் சந்தோஷம். மூணாவது செத்தப்ப, பாரு, பேரனுக்காக மூணு ஆபத்து தட்டிப் போச்சுன்னு தெருவுல எல்லார்கிட்டயும் சொன்னாங்க. மீன் ஏன் செத்துச்சுன்னு ஒருத்தரும் கேக்கல. செத்தா நல்லதுன்னு இருக்கிற வீட்டுல யாருண்ணே கேப்பா?

நான்தான் கேட்டேன். கேட்டேன்னா வாயத் தொறந்து இல்ல. தொட்டித் தண்ணிய ஒரு பால்புட்டியில பிடிச்சு, ஸ்கூட்டர்ல வச்சு, உங்க கடைக்குக் கொண்டு வந்தேன். அண்ணி இந்த மருந்த விட்டுக் காட்டினாங்க. செவசெவன்னு ஆச்சு. நைட்ரேட்டு ஏறிக் கெடக்கு, மீன் பேண்டது தின்னது எல்லாம் தங்கிருச்சுன்னாங்க. நீங்க உள்ளேருந்து கத்தினீங்க, மீனுக்கு சோறு போடச் சொன்னா கல்யாண விருந்தே வைக்கிறியா பொண்ணேன்னு. அங்க நின்னவங்க எல்லாம் சிரிச்சாங்க. எனக்குக் காது சூடாயிருச்சு. உங்கள சொல்லல. நீங்க வேடிக்கையாத்தான் சொன்னீங்க.

வீட்டுக்கு வந்து நீங்க சொன்ன அத்தனையும் செஞ்சேன். தீனியப் பாதியாக் கொறச்சேன். மீனப் பட்டினி போடுற, இதுதான் உங்க ஊர்ப் பழக்கமான்னு அத்தை திட்டினாங்க. கூழாங்கல்ல வாரி வாரிக் கழுவினேன். மணி பிளான்ட் கொடிய வெட்டி வேரு தண்ணியில தொங்குற மாதிரி கட்டி விட்டேன், அதோ இப்பவும் இருக்கு, எவ்வளவு வேரு விட்டிருக்கு பாருங்க, அதுக்கு மட்டும் நல்ல சாப்பாடு. நைட்ரேட்ட உறிஞ்சும்னு சின்னச் சின்ன மணி போட்ட ஒரு பை குடுத்தீங்களே, அதையும் ஃபில்டருக்குள்ள வச்சேன். ரெண்டு நாளைக்கு ஒரு தடவ பாதித் தண்ணிய மாத்தினேன். புது மருமக தொட்டிகூடக் குடித்தனம் பண்றான்னு பக்கத்து வீட்டு சுவான் அக்கா கூடக் கேலி பண்ணினாங்க.

கொறையலண்ணே. ஒரு நிறம் கூடக் கொறையல. பாதிய மாத்தினா பாதியாவது கொறையணும்ல? நான் நாலாம் வகுப்புதான், கணக்கு வராது. ஆனா சூப்புல உப்பு ஜாஸ்தியானா தண்ணி ஊத்துறோம், உப்புக் கொறையுது. இங்க ஊத்த ஊத்த அப்படியே இருக்கு. அப்பன்னா ஊத்துறதுலயே உப்பு இருக்கணும். இது எனக்கு ஒரு மாசம் கழிச்சுத்தான் தோணுச்சு. பாத்திரம் கழுவிக்கிட்டிருந்தேன், நேத்து சாயந்திரம். குழாயத் தொறந்து கையில தண்ணி விழுது, அப்படியே நின்னுட்டேன்.

அந்த நடுக் குப்பி அதுதான். குழாத் தண்ணி. நேத்தே ஒரு தடவ பாத்துட்டேன். நீங்களும் உங்க கண்ணால பாருங்க. மாறுதா? ஆங், தெரியுதா, ஆரஞ்சு தாண்டிருச்சு.

இல்லண்ணே, இது சர்க்கார் தண்ணி இல்ல. நீங்களும் அப்படித்தான் நெனச்சிருப்பீங்க, உங்க மேல தப்பில்ல, நானும் சொல்லல. சர்க்கார் பைப்பு வாசல் வரைக்கும் வந்திருக்கு, அத்தை வால்வ மூடி வச்சிருக்காங்க. மருந்து வாடை அடிக்குதாம். இது கெணத்துத் தண்ணி. பின்னாடி பம்பு வச்சு மேல ஏத்துறது. மாமா தன் கையால போட்ட கெணறு. அவரு போய் நாலு வருஷமாச்சு, நான் பாத்ததில்ல. அத்தை தெனமும் பம்பு ரூம்புல அவருக்கு ஒரு டம்ளர் தண்ணி வச்சுட்டுத்தான் டீ குடிப்பாங்க. இந்த ஊருலயே இனிப்பான தண்ணி நம்ம வீட்டுதுன்னு சொல்வாங்க. இனிப்பாத்தாண்ணே இருக்கு. சுத்தி எல்லாம் பூண்டு வயல். நட்டா கோழி எரு, மொளச்சா உரம், மழை பெஞ்சா திரும்பவும் உரம். எங்க வீட்டுக்காரர் சிங்ஹோங்கே மூட்டை மூட்டையாக் கொட்டுவாரு. எல்லாம் எங்க போகும்? கீழதான.

பக்கெட்டு நிறைஞ்சிருச்சு. இருக்கட்டும், மாத்திக்கிறேன்.

இன்னொண்ணு சொல்றேன், நீங்க நம்பணும். நேத்துக் குழாத் தண்ணி செவந்ததும் பம்பு ரூம்புக்குப் போனேன். எதுக்குப் போனேன்னு தெரியல, சும்மா கெணத்தப் பாக்கணும் போல இருந்துச்சு. சுவத்துல பூண்டுக் கட்டு தொங்குது. அத ஒதுக்கினா பின்னாடி ஒரு சீட்டு ஒட்டியிருக்கு, பழசு, ஓரம் கரையான் தின்னது. சர்க்கார் முத்திரை இருக்கு. எனக்கு உங்க எழுத்து படிக்கத் தெரியாதுண்ணே, என் பேரும் கடை போர்டும் தெரியும், அவ்வளவுதான். ஆனா அந்தச் சீட்டுல மூணு எழுத்து எங்கயோ பாத்த மாதிரி இருந்துச்சு. பெட்டிய எடுத்துட்டு ஓடினேன். பக்கத்துல வச்சு ஒவ்வொரு கோடா விரல் வச்சுப் பாத்தேன். அதே மூணு எழுத்து. இந்தப் பெட்டி மேல உங்க எழுத்துல நைட்ரேட்டுன்னு பெருசா போட்டிருக்கே, அதேதான். சீட்டுக்குக் கீழ ஒரு படம். பால்புட்டி. அதுக்குக் குறுக்க ஒரு கோடு.

அண்ணே. ஏன் அப்படிப் பாக்குறீங்க?

உங்களுக்குப் புரிஞ்சிருச்சு. உங்க மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. அப்ப நான் நெனச்சது சரிதான். கடவுளே, நீங்க இல்ல இல்லன்னு சிரிப்பீங்கன்னு ஒரு ஓரத்துல நெனச்சிருந்தேன். அதுவும் வேடிக்கையாப் போயிரும்னு.

போட்டோ எடுத்து என் ஊர்க்காரப் பொண்ணு ஒருத்திக்கு அனுப்பினேன், தைசுங் டவுன்ல வயசானவங்களப் பாத்துக்கிற வேலை. அவளுக்குப் படிக்கத் தெரியும். இன்னைக்குக் காலையில எட்டு மணிக்குத்தான் பதில் வந்துச்சு. இந்தக் கெணத்துத் தண்ணியில கைக்குழந்தைக்குப் பால் கலக்கக் கூடாது, கலந்தா புள்ளைக்கு நீலம் பாயும்னு எழுதியிருக்காம். போட்டு ஆறு வருஷமாச்சாம். மாமா இருந்தப்ப ஒட்டினது. அப்ப வீட்டுல கைக்குழந்த இல்ல, பூண்டு காயப்போட எடம் வேணும்னு மாட்டியிருப்பாங்க. யாரையும் குத்தம் சொல்ல முடியாது.

எனக்கு ஒரு மாசத்துலயே பால் வத்திருச்சு. அதுலேருந்து பவுடர் பால்தான். அத்தைதான் கலக்குவாங்க. நான் கலந்தா கட்டி கட்டியா இருக்காம். அவங்க கெட்டவங்க இல்லண்ணே, அப்படி நெனச்சுக்காதீங்க. ரெண்டு மணிக்கு அழுதா அவங்கதான் எந்திரிப்பாங்க, என்னத் தூங்குன்னு சொல்லிட்டு. வெந்நீர்க் கெட்டில கட்டில் பக்கத்துலயே வச்சிருக்காங்க, நாள் முழுக்கக் கொதிச்சுக்கிட்டே இருக்கும். கொறைஞ்சா மேல ஊத்துவாங்க, திரும்பக் கொதிக்க வைப்பாங்க. அடியில இருக்கிறதக் கொட்டவே மாட்டாங்க. எவ்வளவு கொதிக்குதோ அவ்வளவு சுத்தமாம். பேரனுக்காக மத்தவங்கள விட ரெண்டு மடங்கு கொதிக்க வைக்கிறேன்னு பெருமையாச் சொல்வாங்க.

போன வாரம் அண்ணிகிட்ட சும்மா கேக்குற மாதிரி கேட்டேன், இந்தத் தண்ணியக் கொதிக்க வச்சா நைட்ரேட்டு போயிருமான்னு. மீனுக்குக் குழம்பா வைக்கப் போறன்னு சிரிச்சாங்க. போகாது பொண்ணே, தண்ணிதான் ஆவியாப் போகும், அது அடியில தங்கி இன்னும் கெட்டியாகும்னாங்க. அப்ப நான் மீனத்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன், சத்தியமா.

டாக்டர்னு கேட்டீங்கல்ல. நேத்துக் காலையில போனோம், சந்தைக்குப் பக்கத்துல இருக்கிற கிளினிக்கு. குதிங்கால்ல ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தாரு. அண்ணே, அது செவப்பா இல்ல. சோயா சாஸ் மாதிரி இருந்துச்சு. பஞ்சுல தொட்டுட்டு அவரே ரெண்டு தடவ பாத்தாரு. இதயத்துல கோளாறா இருக்கும், இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கன்னு ஒரு கடுதாசி எழுதிக் குடுத்தாரு. அத்தைக்கு அந்த வார்த்தையே பிடிக்கல. எங்க வம்சத்துல யாருக்கும் இதயக் கோளாறு கெடையாதுன்னு அங்கயே சத்தம் போட்டாங்க. சிங்ஹோங் வடக்க முட்டைக்கோஸ் லாரி ஏத்திப் போயிருக்காரு, நாளைக்கு சாயந்திரம்தான் வருவாரு. வந்ததும் போகலாம்னு முடிவு. போன் பண்ணினேன். அம்மா சொல்றபடி கேளுன்னு வச்சுட்டாரு.

தூக்கிட்டு ஓடிருக்கலாம்ல? அதத்தான கேக்க வர்றீங்க? குழந்தையத் தொட எனக்கு மூணு நாளா அனுமதி இல்லண்ணே. கோயில்ல பயம் தெளிய வைக்கிற அம்மா ஒருத்தங்க இருக்காங்கல்ல, அவங்ககிட்ட கூட்டிட்டுப் போனாங்க. அவன் சட்டையில அரிசிய முடிஞ்சு, புகை காட்டி, அவிழ்த்துப் பாத்தாங்க. அரிசி ஒரு பக்கமாக் குழிஞ்சிருந்துச்சு. தண்ணியாலதான் பயந்திருக்குன்னாங்க. அப்புறம் நான் பொறந்த வருஷம் கேட்டாங்க. வருஷத்து மிருகம் எனக்குப் புலி. புலி பக்கத்துல இருந்தா பயத்துல வெளிய போன உசுரு திரும்பி வராதாம், தாயி கொஞ்ச நாள் தள்ளியே இருக்கட்டும்னுட்டாங்க. தண்ணின்னதும் அத்தை இந்த மீன் தொட்டியத்தான் பாத்தாங்க. மீனு கண்ணாடியில முட்டின சத்தத்துல புள்ள பயந்துட்டான், தெனமும் தொட்டியக் கழுவுன்னு எனக்கு உத்தரவு. அந்தக் கெட்டில் பக்கம் யாரும் திரும்பல. நானும்தான் திரும்பல. எத்தன தடவ அதுல நானே தண்ணி ஊத்தியிருக்கேன் தெரியுமா?

காலையில கடையிலேருந்து ரெண்டு பாட்டில் தண்ணி வாங்கிட்டு வந்தேன். அத்தை, இதுல கலக்கலாம்னேன். இத எவன் கொதிக்க வச்சான், புள்ளைக்குப் பச்சத் தண்ணியக் குடுக்கச் சொல்றியான்னு கேட்டாங்க. நான் வாய மூடிக்கிட்டேன். அதுதாண்ணே எனக்குப் பயமா இருக்கு. அந்த நேரத்துலயும் வாய மூடிக்கிட்டேன். விடியக்காலம் ஆறு மணிக்குக் குடிச்சிருக்கான். அடுத்து பத்து மணிக்கு.

ஆம்புலன்ஸ கூப்பிட்டா வரும். வந்து என்னன்னு கேட்டா நான் என்ன சொல்வேன்? மீன் தொட்டித் தண்ணி செவந்துச்சுன்னா? என் பேச்சுல பாதி அவங்களுக்குப் புரியாது. அத்தை வாசல்ல நின்னு ஒண்ணுமில்ல, புள்ளைக்குச் சளின்னு சொல்லி அனுப்பிருவாங்க. ஆஸ்பத்திரிக்கே போனாலும் கடுதாசியில இதயம்னு இருக்கு, இதயத்தத்தான் பாப்பாங்க. அந்தச் செவப்பு என்னன்னு சொல்ல எனக்கு வார்த்தை இல்ல. உங்களுக்கு இருக்கு. டாக்டருக்குப் புரியுற மாதிரி சொல்ல உங்களுக்குத் தெரியும். அத்தையும் உங்க பேச்சத்தான் கேப்பாங்க. இந்தத் தொட்டிய எந்த மூலையில வைக்கணும்னு நீங்கதான சொன்னீங்க, அதுலேருந்து லின் சொன்னா சரிதான்னு அடிக்கடி சொல்வாங்க.

அதனாலதான் போன்ல பொய் சொன்னேன். டிராகன் மீனுக்கு ஒண்ணும் இல்லண்ணே. காலையிலேருந்து நல்லாத்தான் இருக்கு. குழந்தைக்குன்னு சொன்னா நீங்க ஆஸ்பத்திரிக்குப் போன்னு சொல்லிட்டு வச்சிருவீங்க. மீனுக்குன்னா வேனோட வருவீங்க.

அஞ்சு நிமிஷம் ஆயிருச்சா? கடைசிக் குப்பியப் பாருங்க. அது கெட்டில் தண்ணி. காலையில மேல தரை தொடைக்கப் போனப்ப, துணியப் பிழியிற மாதிரி குனிஞ்சு, ஒரு கரண்டி எடுத்து ஆற வச்சேன். எனக்குப் பாக்கத் தைரியம் இல்லண்ணே, நீங்களே பாத்துச் சொல்லுங்க. பெட்டியில இருக்கிற நிற அட்டையில கடைசிக் கட்டம்தான? அதுக்கும் மேலயா? அதுக்கு மேல கட்டமே இல்லையா?

சரி. சரிண்ணே, நான் அழல. தொட்டிக்குக் கீழ இருக்கிற அலமாரியத் தொறங்க. தீனி டப்பாக்குப் பின்னாடி ஒரு பை இருக்கு. அவன் இன்சூரன்ஸ் கார்டு, டாக்டர் கடுதாசி, நாலு துணி, அந்த ரெண்டு பாட்டில் தண்ணி, எல்லாம் வச்சுட்டேன். வேனுல பின்னாடி மீன் டப்பாவெல்லாம் இருந்தாப் பரவாயில்ல, நான் மடியில வச்சுக்குவேன். நீங்க மேல வந்து இந்த மூணு குப்பியையும் அத்தைகிட்ட காட்டுங்க. நிறத்த மட்டும் காட்டுங்க. நீங்கதான் உங்க கையால இதுல பால் கலந்து குடுத்தீங்கன்னு மட்டும் அவங்ககிட்ட சொல்லிராதீங்க. அதத் தாங்க மாட்டாங்க. அத அப்புறமா, அவன் ஒதடு செவந்ததுக்கப்புறம், நானே மெதுவா...

டீவி நின்னுருச்சு.

இன்னும் பத்தாகலையேண்ணே? விளம்பரமா? கூப்பிடுறாங்க. என்னத்தான், ஆசுவேன்னு கூப்பிடுறாங்க, கேட்டுச்சா? என்ன அத்தை? ஆங்? கழுவினது போதும், புட்டிய ஆத்துறதுக்கு ஒரு கிண்ணத்துல தண்ணி கொண்டு வரச் சொல்றாங்க. கலந்துட்டாங்க. அண்ணே, கலந்துட்டாங்க. பைப்ப விடுங்க, வழிஞ்சா வழியட்டும், குப்பிய எடுங்க, மூணாவத எடுங்க, என் பின்னாலயே வாங்க. அத்தை! வர்றேன் அத்தை! குடுக்காதீங்க! ஆறலன்னாலும் ஆறினாலும் குடுக்காதீங்க, அவன் வாயில வைக்காதீங்க அத்தை, நான் வந்து அந்தப் புட்டிய